பூசணித் தோட்டத்தில் அரை வாட்

1942 டிசம்பர் 2, புதன்கிழமை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஸ்டாக் ஃபீல்டு மைதானம் வெறிச்சோடிக் கிடந்தது. ஏறக்குறைய 50,000 பேர் உட்காரக்கூடிய கேலரி முழுக்கக் காலி. குளிர் எலும்புவரை போய் நலம் விசாரித்துக்கொண்டிருந்தது. அந்த மைதானத்தின் அறுபத்துச் சொச்ச வருஷ ஆயுளில் நடந்ததிலேயே பெரிய ஆட்டம் அன்றைக்குத்தான் நடந்தது. கேலரிப் படிக்கட்டுக்கு அடியில், டிக்கெட் இல்லாமல், கைதட்டல் இல்லாமல், ஐம்பது பேருக்குள்ளாக முடிந்துவிட்டது. அதில் ஜெயித்தது யார் என்று உலகம் இன்னும் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறது.

அதற்கு வருமுன் மைதானத்தின் ஜாதகத்தைப் பார்த்துவிடலாம்.

சிகாகோ பல்கலைக்கழகத்தை ஆரம்பித்து வைத்தது மண்ணெண்ணெய்க் காசு. ஜான் டி. ராக்ஃபெல்லர் எண்ணெய் விற்றுச் சேர்த்ததில் கொஞ்சத்தைச் சரஸ்வதி பக்கம் திருப்பிவிட, 1890-ல் பல்கலைக்கழகம் பிறந்தது. முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், ஹீப்ரூ பண்டிதர். பழைய ஏற்பாட்டை மூலமொழியிலேயே கரைத்துக் குடித்தவர். அப்பேர்ப்பட்டவர் புதுப் பல்கலைக்கழகத்துக்கு முதலில் யாரைத் தேடியிருப்பார்? நூலகரை என்று நினைத்தால் உங்களுக்கு அமெரிக்கா தெரியாது. அவர் அவசரமாகத் தேடிப் பிடித்தவர்களில் ஒருவர் ஃபுட்பால் வாத்தியார்.

ஃபுட்பால் என்றதும் நம் ஊர்க் கால்பந்தை நினைத்துவிடக் கூடாது. அமெரிக்கர்களின் பந்து பலாக்கொட்டை வடிவத்தில் இருக்கும். அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஒருவன் ஓட, எதிரணி பதினொரு பேரும் அவன்மேல் விழுவார்கள். கபடிக்கும் கல்யாணப் பந்திக்கும் பிறந்த பிள்ளை மாதிரி ஓர் ஆட்டம். கால் எப்போதாவதுதான் பந்தைத் தொடும். தொட்டால் அதற்குத் தனி மரியாதை.

வாத்தியாரின் பெயர் அமோஸ் அலான்சோ ஸ்டாக். யேல் பல்கலைக்கழகத்தில் ஹார்ப்பரிடமே பாடம் கேட்டவர். பாதிரியார் ஆகும் ஆசையில் படிக்கப் போனார். பிரசங்க மேடை கைகொடுக்கவில்லை. ஆனால் மெத்தையைச் சுருட்டித் தொங்கவிட்டு, அதை எதிராளியாக நினைத்துப் பாய்ந்து வீழ்த்திப் பழகும் வித்தை அங்கேதான் அவருக்கு உதித்தது. திருச்சபைக்கு ஓர் ஊழியர் நஷ்டம். மெத்தைக் கடைக்காரருக்கு லாபம்.

1892-ல் ஹார்ப்பர் அவருக்கு வருஷம் 2,500 டாலர் சம்பளத்தில் பேராசிரியர் அந்தஸ்தும் ஒரு துறையும் கொடுத்தார். ஆயுள்கால உத்தியோகம். (ஆயுள் என்றால் எவ்வளவு என்பதில் பின்னால் தகராறு வரும்.) நாடு முழுக்க அனுப்பி எல்லாக் கல்லூரிகளையும் மண்ணைக் கவ்வ வைக்கக்கூடிய அணி வேண்டும் என்பதே தலைவர் போட்ட கட்டளை. பழைய ஏற்பாட்டில் ஊறியவர்கள் சாதுவாகப் பேசுவார்கள் என்று யாரும் சொன்னதில்லையே.

நாடு முழுக்க என்று சொல்லப்பட்ட ஸ்டாக், முதல் படையெடுப்பை நாலு தெரு தள்ளி வைத்துக்கொண்டார். எதிரி, ஹைடு பார்க் உயர்நிலைப் பள்ளி. பள்ளிக்கூடப் பையன்களைப் பல்கலைக்கழகம் வீரத்தோடு தோற்கடித்தது. அந்த வருஷம் ஆள் போதாமல் முப்பது வயது வாத்தியாரே டவுசரை மாட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார். தோற்றால் தன்னையே திட்டிக்கொள்ளும் வசதி உலகத்தில் எத்தனை பயிற்சியாளருக்கு வாய்க்கும்?

திட்டுவதிலும் ஸ்டாக் ஒரு தனிப்பிறவி. குடிக்க மாட்டார், புகைக்க மாட்டார், கெட்ட வார்த்தை பேச மாட்டார். கோபம் வந்தால் ‘கழுதை’ என்பார். அதிகக் கோபம் என்றால் ‘இரட்டைக் கழுதை’. உச்சக்கட்டம் ‘மும்மடங்குக் கழுதை’. நல்ல பயிற்சி நாளில், களத்தில் மனிதர்களே மிஞ்ச மாட்டார்கள் என்று சொல்வார்கள்.

அணி இருக்கிறது, ஆட மைதானம் வேண்டுமே. சிகாகோவின் பெரிய ஜவுளிக்கடை முதலாளி தன் நிலத்தைக் கொடுத்தார். அவர் பெயர் மார்ஷல் ஃபீல்டு. நன்றிக்கடனாக 1893-ல் மைதானத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ஆளும் ஃபீல்டு, நிலமும் ஃபீல்டு. பெயர்ப்பலகை எழுதியவருக்குப் பாதி வேலை மிச்சம். வேலி அடிக்கக் காசில்லாததால் ஸ்டாக்கும் மாணவர்களும் சுத்தியலை எடுத்துக்கொண்டு தாங்களே அடித்தார்கள். வேலி இல்லாவிட்டால் டிக்கெட் விற்க முடியாது என்கிற பொருளாதாரப் பாடத்தை அந்தப் பல்கலைக்கழகம் அப்படித்தான் கற்றது. பின்னாளில் அதே பாடத்துக்கு அங்கே நோபல் பரிசுகள் குவிந்தன.

அதே 1893-ல் பக்கத்திலிருந்த மிட்வே புல்வெளியில் உலகக் கண்காட்சி. ஃபெர்ரிஸ் என்பவர் கட்டிய முதல் ராட்சத ராட்டினம், 264 அடி உயரம், அங்கேதான் சுற்றியது. கண்காட்சி முடிந்து ராட்டினம் போனது; பெயர் மட்டும் தங்கியது. ஸ்டாக்கின் பையன்களை ‘மிட்வேயின் பூதங்கள்’ என்று அழைத்தார்கள். இந்தப் பட்டத்தைப் பிற்பாடு சிகாகோ பேர்ஸ் என்ற தொழில்முறை அணி தூக்கிக்கொண்டு போய்விட்டது. பல்கலைக்கழகத்துக்கு அதற்குள் பூதங்களின் தேவை தீர்ந்திருந்தது, வேறு விதமான பூதம் ஒன்று வரும்வரை.

1905 நவம்பர் கடைசி நாள். மிச்சிகன் பல்கலைக்கழகம் 56 ஆட்டங்களாகத் தோல்வி என்ற சொல்லுக்கு அர்த்தம் தெரியாமல் திரிந்துகொண்டிருந்தது. மார்ஷல் ஃபீல்டில் 25,000 பேருக்கு மேல் கூடியிருக்க, இரண்டு அணிகளும் மணிக்கணக்கில் ஒன்றையொன்று நசுக்கிக்கொண்டன. கடைசியில் மிச்சிகன்காரன் ஒருவனைப் பந்தோடு அவன் சொந்தக் கோட்டுக்குள்ளேயே மடக்கிப் போட்டார்கள். அதற்கு இரண்டு புள்ளி. ஆட்ட முடிவு 2–0. ஐந்து வருஷச் சாம்ராஜ்யம் தன் வீட்டு வாசற்படியிலேயே தடுக்கி விழுந்தது. மிச்சிகன் இதை மறக்கவில்லை. பழிவாங்க அவர்களுக்கு 34 வருஷம் ஆயிற்று. அதுவும் வட்டியும் முதலுமாக.

1913 வாக்கில் பழைய மரப்பலகைக் கேலரியை எடுத்துவிட்டுக் கான்கிரீட்டில் கட்டினார்கள். சும்மா கட்டவில்லை, கோபுரம், கொத்தளம், அம்பு விடும் மாடம் எல்லாம் வைத்து இங்கிலாந்து ராஜாவின் கோட்டை மாதிரி. மேற்குக் கேலரியின் வயிற்றுக்குள் பந்தடி அறைகள். அதே காலத்தில் மைதானத்தின் பெயரும் மாறியது. நிலம் கொடுத்த ஃபீல்டு காலமாகிவிட்டார். கழுதை என்று திட்டுகிறவர் கண்ணெதிரே நடமாடிக்கொண்டிருந்தார். ஸ்டாக் ஃபீல்டு என்று ஆனது. உயிரோடிருப்பவர் பெயரை எதற்கும் சூட்டுவதில் உள்ள ஆபத்து நமக்குத் தெரியும். அவர் அதற்கப்புறமும் அரை நூற்றாண்டு இருந்தார்.

1929-ல் ராபர்ட் மேனார்டு ஹட்சின்ஸ் வந்து சேர்ந்தார். வயது 30, பாதிரியார் மகன், யேல் சட்டக் கல்லூரியின் முன்னாள் தலைவர், பார்ப்பதற்குச் சினிமா கதாநாயகன். பெரிய நூல்களைப் படிப்பதே கல்வி என்று நம்பியவர். உடற்பயிற்சி செய்யத் தோன்றினால் அந்த எண்ணம் போகும்வரை படுத்துக்கொள்வாராம். இதை அவர் சொன்னாரா, யாராவது ஜோடித்தார்களா என்பது வேறு விஷயம். ஜோடித்திருந்தாலும் ஆளைப் பார்த்துத்தான் அளவெடுத்திருக்கிறார்கள்.

ஸ்டாக்குக்கு எழுபது வயது நிரம்பியதும், 1932 பருவத்தோடு ‘ஓய்வு’ என்று சொல்லிவிட்டார்கள். ஆயுள்கால உத்தியோகம் நாற்பது வருஷத்தில் முடிந்தது. நாற்காலியில் உட்கார வேறு வேலை தருகிறோம் என்றார்கள். கிழவர் கோபித்துக்கொண்டு கலிஃபோர்னியாவுக்கு ரயிலேறி, பசிஃபிக் கல்லூரி என்ற சின்ன இடத்தில் பயிற்சியாளர் ஆனார். 1938-ல் தன் புதுப் பையன்களை அழைத்துக்கொண்டு தன் பெயர் எழுதிய மைதானத்துக்கே விருந்தாளியாக வந்தார். பசிஃபிக் 32, சிகாகோ 0. ஓய்வு கொடுத்தவர்களுக்கு இப்படிக் கையோடு பதில் மரியாதை செய்யும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது!

இந்த இறக்கத்திலும் ஒரு மின்னல் அடித்தது. ஜே பெர்வாங்கர் என்ற பையன். பின்னாளில் ஹைஸ்மன் கோப்பை என்று பேர்பெற்ற விருதை 1935-ல் முதல்முதலாக வாங்கியவன் அவன்தான். தொழில்முறைக் கழகங்கள் ஆளெடுக்க நடத்திய முதல் தேர்விலும் முதல் பெயர் அவனுடையது. போகவில்லை, பின்னாளில் நுரை ரப்பர் வியாபாரம் செய்தான். கோப்பையை அவன் அத்தை கதவுக்கு முட்டுக் கொடுக்க வைத்திருந்தாள் என்று சொல்வார்கள். அவனைப் பிடிக்கப் பாய்ந்த மிச்சிகன் ஆட்டக்காரர் ஒருவருக்கு இடது கண்ணுக்குக் கீழே காயத் தழும்பு கடைசிவரை இருந்தது. அவர் பெயர் ஜெரால்டு ஃபோர்டு. பிறகு அமெரிக்க ஜனாதிபதியானார். தழும்போடுதான் சத்தியப் பிரமாணம் எடுத்தார்.

1939 பருவத்தைப் பற்றிச் சிகாகோக்காரர்கள் முன்னால் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வது நல்லது. பெலாய்ட் என்ற குட்டிக் கல்லூரியிடம் 6–0. ஹார்வர்டிடம் 61–0. வர்ஜீனியாவிடம் 47–0. ஒஹாயோவிடம் 61–0. இல்லினாயிடம் 46–0. மிச்சிகனிடம் 85–0, அதுதான் 1905-ன் வட்டி. நடுவில் இரண்டு சிறிய கல்லூரிகளை ஜெயித்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாவம். மொத்தம் வாங்கியது 308 புள்ளி, கொடுத்தது 37. மற்ற ஊர்ப் பல்கலைக்கழகங்கள் ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்காத குறையாகச் சேர்த்துக்கொண்டிருக்க, சிகாகோவில் மட்டும் ஆட்டக்காரனும் அரிஸ்டாட்டில் படித்துப் பரீட்சை எழுத வேண்டும். விழுகிறவனுக்குத் தத்துவம் ஆறுதல் தரும், எழுப்பி ஓடவைக்காது.

ஹட்சின்ஸ் காத்திருந்த தருணம். ஃபுட்பால் அணிக்குப் பதிலாகக் கல்லூரிகள் பந்தயக் குதிரை வளர்க்கலாம், குதிரை சரித்திரப் பரீட்சையில் தேற வேண்டியதில்லையே என்ற பொருளில் அவர் ஏற்கெனவே நையாண்டி செய்திருந்தார். 1939 டிசம்பர் 21-ல் நிர்வாகக் குழு ஃபுட்பாலை ஒழித்துத் தீர்மானம் போட்டது. அறிவுக் கோயிலில் இனி முரட்டு விளையாட்டுக்கு இடமில்லை. ஆபத்தில்லாத, சாத்விகமான ஆராய்ச்சிக்கு மட்டுமே இடம்.

ஏறக்குறைய மூன்று வருஷம்.

உலகப் போர் வந்தது. யுரேனிய அணுவைப் பிளந்தால் அது அடுத்ததைப் பிளக்கும், அது அதற்கடுத்ததை என்று ஒரு சங்கிலி தானாகவே ஓடுமா என்று பார்த்தாக வேண்டும். பொறுப்பு ஆர்தர் காம்ப்டனிடம். நோபல் பரிசு பெற்ற இயற்பியலர். (இந்தக் கதையில் பாதிரியார் வாடை போகவே போகாது) இவரும் பாதிரியார் மகன்தான். செய்து காட்டப்போகிறவர் என்ரிக்கோ ஃபெர்மி, இத்தாலிக்காரர். ஏழெட்டு வாரங்களுக்கு முன்புவரை அமெரிக்கச் சட்டப்படி ‘எதிரி நாட்டு ஆசாமி’. எதிரி நாட்டு ஆசாமியிடம்தான் நாட்டின் பரம ரகசியம் இருந்தது.

முதலில் ஊருக்கு வெளியே ஆர்கான் காட்டில்தான் கட்டுவதாக ஏற்பாடு. வேலைநிறுத்தத்தால் கட்டடம் தயாராகவில்லை. ‘இங்கேயே செய்துவிடலாம், கணக்குப் பண்ணிப் பார்த்தேன், ஆபத்தில்லை’ என்றார் ஃபெர்மி. இங்கே என்றால் முப்பது லட்சத்துக்கு மேல் ஜனம் வாழ்கிற சிகாகோ நகரத்துக்குள், ஆளில்லாத ஸ்டாக் ஃபீல்டின் மேற்குக் கேலரிக்கு அடியில். காம்ப்டன் யோசித்தார். தலைவர் ஹட்சின்ஸிடம் அனுமதி கேட்க வேண்டும். சட்டம் படித்தவர், வேண்டாம் என்றுதான் சொல்ல முடியும். அந்தப் பதில் தப்பு. ஆகவே கேட்க வேண்டாம். வீட்டில் சொல்லாமல் மேட்னி ஷோ போகிற பையனின் அதே தர்க்கம்.

பந்தடி அறையை மரச்சட்டமும் கரிக்கட்டியும் நிரப்ப ஆரம்பித்தன. பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட், 350 டன்னுக்கு மேல், சுமார் 40,000 கட்டிகளாக அறுத்து, நடுநடுவே துளையிட்டு யுரேனியத்தைச் செருகி அடுக்கினார்கள். அடுக்கியதில் பாதிப் பேர் விஞ்ஞானிகள் அல்ல. பட்டாளத்துக்கு அழைப்பு வரும்வரை சும்மா இருந்த, பள்ளிப் படிப்பை விட்ட பேட்டைப் பையன்கள். பல்கலைக்கழக வாசலை மிதித்திருக்காத அவர்கள்தான், பரீட்சை எதுவும் எழுதாமல், இருபதாம் நூற்றாண்டின் பெரிய இயற்பியல் சோதனையைக் கையால் கட்டினார்கள். ஹட்சின்ஸுக்குத் தெரிந்திருந்தால் பெரிய நூல்கள் பட்டியலை ஒரு தடவை திருப்பிப் பார்த்திருப்பார்.

கரித்தூளில் எல்லாரும் அட்டைக் கறுப்பு. தரை எண்ணெய் விட்ட மாதிரி வழுக்கியது. 57 அடுக்கு வந்ததும் போதும் என்றார் ஃபெர்மி. கொலுப்படி ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும் என்பது ரோம் நகரத்துக்காரருக்கு எப்படித் தெரிந்ததோ! அடுக்கைச் சுற்றிப் போர்த்தக் குட்இயர் கம்பெனியிடம் சதுர பலூன் ஒன்று கேட்டிருந்தார்கள். எதற்கு என்று சொல்லவில்லை. சதுரமான பலூன் எந்த ஊர் வானத்தில் பறக்கும் என்று கம்பெனிக்காரர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டே தைத்துக் கொடுத்தார்கள்.

கேலரிக்குள் கணப்பு கிடையாது. காவலுக்கு நின்றவர்கள் விறைத்துப்போனார்கள். பழைய அலமாரி ஒன்றைக் குடைந்தபோது, ஃபுட்பால் காலத்து ரக்கூன் ரோமக் கோட்டுகள் கிடைத்தன. அணி ஒழிந்தாலும் அதன் கோட்டுகள் ஒழியவில்லை. அமெரிக்காவின் ராணுவ ரகசியத்தை, பணக்கார வீட்டுக் கல்லூரி மைனர்கள் மாதிரி ரோமக் கோட்டு போட்ட காவலர்கள் காத்தார்கள். ஸ்டாக்கின் ஃபுட்பால் நாட்டுக்குச் செய்த நேரடி உதவி என்று நான் கருதுவது இதைத்தான்.

டிசம்பர் 2 காலை. பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கவனியுங்கள். மின்தடுப்பு இருந்தது. அது போதாவிட்டால்? சங்கிலியை அடக்கும் தண்டு ஒன்று மேலே கயிற்றில் தொங்கியது. கயிற்றை வெட்ட நார்மன் ஹில்பெரி என்ற இயற்பியலர் கோடரியோடு நின்றார். அதுவும் போதாவிட்டால்? அடுக்குக்கு மேலே மூன்று இளைஞர்கள் கேட்மியக் கரைசல் ஜாடிகளோடு தயாராக இருந்தார்கள், கும்பாபிஷேகத்துக்குக் கலசத்தோடு கோபுரத்தில் நிற்கிற குருக்கள் மாதிரி. ஊற்றிவிட்டால் அணுவும் அணையும், 57 அடுக்கும் வீணாகும். உலகத்தின் முதல் அணு உலைக்குக் காப்பு: ஒரு கோடரி, ஒரு கயிறு, சில ஜாடி.

ஃபெர்மி சறுக்குச் சட்டக் கணக்கியை வைத்துக்கொண்டு, அடுக்குக்குள் செருகியிருந்த அடக்கும் தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுக்கச் சொன்னார். எண்ணும் கருவிகள் படபடத்தன. திடீரென்று ‘டமால்’! எல்லாருக்கும் உயிர் போய் வந்தது. தானியங்கித் தடுப்பை முன்ஜாக்கிரதையாகக் குறைந்த அளவில் வைத்திருந்ததால் அது விழுந்துவிட்டது. மனித குல வரலாறு திரும்புகிற முனையில் ஃபெர்மி அறிவித்தார்: பசிக்கிறது, சாப்பிடப் போகலாம். போனார்கள். ஹீப்ரூ பண்டிதரும் பெரிய நூல்காரரும் கட்டிய பல்கலைக்கழகத்தில் நான் கேள்விப்பட்ட தெளிவான வாக்கியம் அதுதான்.

சாப்பிட்டு வந்து, மூன்றரை மணி வாக்கில் ஜார்ஜ் வைல் கடைசித் தண்டை இன்னும் ஓர் அடி இழுத்தார். படபடப்பு ஒரே இரைச்சலாகி, பதிவுக் கருவியின் கோடு ஏறிக்கொண்டே போனது. இறங்கவில்லை. சங்கிலி தானாக ஓடிக்கொண்டிருந்தது. ஃபெர்மி சிரித்தார். சாதித்த ஆற்றல் கணக்கில் அரை வாட். கோயில் சீரியல் பல்பு ஒன்றுகூட முழுசாக எரியாது.

யூஜீன் விக்னர் மறைத்து வைத்திருந்த இத்தாலியக் கியான்டி ஒயின் பாட்டிலை எடுத்தார். போரினால் இத்தாலிச் சரக்கு கிடைக்காமல் போகும் என்று முன்கூட்டியே வாங்கி வைத்தவர். சங்கிலி ஓடுமா என்பதைவிட ஒயின் கிடைக்குமா என்பதில் அவருக்குத் தீர்க்கதரிசனம் அதிகம். காகிதக் கோப்பையில் ஆளுக்கொரு வாய், வாழ்த்துரை இல்லை. பிறகு காம்ப்டன் ஹார்வர்டிலிருந்த கோனன்ட்டைத் தொலைபேசியில் கூப்பிட்டு, இத்தாலிய மாலுமி புது உலகத்தில் கரையேறிவிட்டார் என்று சங்கேதமாகச் சொன்னார். அங்குள்ளவர்கள் எப்படி என்று கேட்டதற்கு, சிநேகமாக இருக்கிறார்கள் என்று பதில். கூட்டத்தில் லியோ ஸிலார்டு மட்டும் ஃபெர்மியின் கையைக் குலுக்கிவிட்டு, இது மனித குலத்தின் கறுப்பு நாள் என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். ஆட்டத்தின் இன்னொரு பாதியைப் பார்த்தவர் அங்கே அவர் ஒருவர்தான் போலிருக்கிறது.

அன்று இரவு ஃபெர்மி வீட்டில் விருந்து. வந்தவர் எல்லாரும் அவர் கையைக் குலுக்கி ‘வாழ்த்துகள்’ என்றார்கள். மனைவி லாராவுக்கு ஒன்றும் புரியவில்லை. குழுவின் ஒரே பெண் விஞ்ஞானி லியோனா வுட்ஸைப் பிடித்து நச்சரித்தார். ஒரு ஜப்பானிய அட்மிரலைக் கடலில் மூழ்கடித்துவிட்டார் என்று லியோனா கூசாமல் சொன்னார். லாராவுக்கு உண்மை தெரிந்தது 1945-ல்தான். அப்போது ஜப்பானில் மூழ்கியது ஒரு அட்மிரல் இல்லை.

ரகசியம் ரஷ்யர்களுக்கு எட்டியபோது இன்னொரு கூத்து நடந்ததாகச் சொல்வார்கள். பந்தடி அறையை அமெரிக்கர்கள் ஸ்குவாஷ் கோர்ட் என்பார்கள். ஸ்குவாஷ் என்றால் பூசணியும்தான். மொழிபெயர்த்தவர் அணு உலை ஏதோ பூசணித் தோட்டத்தில் கட்டப்பட்டது என்று எழுதிவிட்டாராம். (சரியாகச் சொன்னால் அது ஸ்குவாஷ் கோர்ட்டும் அல்ல, ராக்கெட்ஸ் என்ற அதன் பெரியப்பா ஆட்டத்துக்கான அறை.) எனக்கென்னவோ அந்த ரஷ்யர் மேல் மரியாதைதான். இவ்வளவு பெரிய காரியம் நடந்த இடத்தில் திருஷ்டிக்கு ஒரு பூசணிக்காய் உடைத்திருக்க வேண்டாமா?

1943 பிப்ரவரியில் அடுக்கைப் பிரித்து ஊருக்கு வெளியே கொண்டுபோனார்கள். கோட்டைக் கேலரி இன்னும் கொஞ்சகாலம் நின்றது. 1957-ல் இடித்துத் தள்ளிவிட்டார்கள். கொத்தளம் எல்லாம் குப்பை லாரியில் போயின.

உலை இருந்த இடத்தில் 1967 டிசம்பர் 2-ல் ஹென்றி மூர் செய்த வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. ஒரு பக்கம் பார்த்தால் மண்டையோடு, இன்னொரு பக்கம் பார்த்தால் அணுகுண்டுக் காளான். அதன் சிறிய வடிவம் ஒன்றை ஹிரோஷிமா நகரக் கலைக்கூடம் வைத்திருக்கிறது. மைதானம் இருந்த இடத்தில் 1970-ல் ரீகன்ஸ்டைன் நூலகம் எழுந்தது. ஹட்சின்ஸ் அப்போது அங்கே இல்லை. கனவு மட்டும் பலித்திருந்தது.

தமிழர்களுக்கு இதில் ஓர் ஓரப் பங்கு உண்டு. 1962-ல் ஏ. கே. ராமானுஜன் அங்கே ஆசிரியராக வந்த புதிதில், பழந்தமிழ் இலக்கணம் ஏதாவது கிடைக்குமா என்று அந்தப் பல்கலைக்கழக நூலக நிலவறையைக் குடைந்தார். 1937-ல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த குறுந்தொகை அகப்பட்டது. ராமானுஜன் ஆங்கிலத்தில் பெயர்த்த சங்கப் பாடல்கள் உலகம் சுற்றியது அந்தத் தூசியிலிருந்துதான். அந்த நூலகத்தின் பெயர் ஹார்ப்பர் நூலகம். ஃபுட்பால் வாத்தியாரைக் கூட்டி வந்த அதே ஹார்ப்பர். பிற்பாடு பெரிய நூலகம் வந்தபோது தென்னாசிய நூல்கள் அங்கே குடியேறின. மிச்சிகன் 85 எடுத்த மண்ணில் இப்போது தலைவி தோழியிடம் புலம்புகிறாள். சத்தமாகப் படித்தால் ‘உஷ்’ என்பார்கள்.

ஃபுட்பாலும் திரும்பி வந்தது. சும்மா ஒரு பயிற்சி ஆட்டம் என்று 1963-ல் ஆரம்பித்தபோதே மாணவர்கள் களத்தின் நடுவில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். 1969-ல் முறைப்படி அணி அமைந்தது. சில தெரு தள்ளிப் புது மைதானம். அதன் பெயரும் ஸ்டாக் ஃபீல்டு.

பழைய மைதானம் இடிபட்ட வருஷம் ஸ்டாக்குக்கு 95 வயது. கலிஃபோர்னியாவில் ஸ்டாக்டன் என்ற ஊரில், ஒரு சின்னக் கல்லூரிப் பையன்களுக்குப் பந்தை உதைக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். 98 வயதுவரை விடவில்லை. 1965-ல், 102 வயதில் போய்ச் சேர்ந்தார். கேலரி இடிகிற செய்தி வந்த நாளிலும் யாரோ ஒரு பையன் உதையைத் தப்பாக உதைத்திருப்பான், கிழவர் அவனை இரட்டைக் கழுதை ஆக்கியிருப்பார்.